கொய்னா விளைந்த மலை

மலை ரயில் உதகைக்குள் நுழையும் முன், லவ்டேலை அடுத்து வரும் பகுதி பெர்ன்ஹில். காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் 1844இல் அங்கே கட்டிய பங்களா பின்னாளில் மைசூர் அரச குடும்பத்தின் கோடை மாளிகையாயிற்று. ஆஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸை 1843 வாக்கில் நீலகிரியில் நட்டவர் என்றும் கேப்டன் காட்டனின் பெயரையே சொல்கிறார்கள். அந்த மரத்தின் இலையை வடித்தெடுக்கும் நீலகிரித் தைலம் சளிக்கும் தலைவலிக்கும் மருந்தாகத் தமிழ்நாட்டு வீடுகளில் நிலைத்துவிட்டது. உதகை போய்த் திரும்புகிறவர்கள் இன்றும் ஒரு புட்டி வாங்கிவருகிறார்கள். ஆனால் இதே மலை ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய மருந்தொன்றைத் தந்தது. பெர்ன்ஹில் பக்கமிருந்து பைக்காரா வழியாகக் கூடலூர் செல்லும் சாலையில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் வரும் நடுவட்டத்தில் அது விளைந்தது. மரம் சின்கோனா, அதன் பட்டையிலிருந்து வந்தது குயினின். பாமர மக்கள் கொய்னா என்றார்கள். நீலகிரி சின்கோனாவின் வரலாறு வழக்கமாக ஒரு தோல்விக் கதையாகவே சொல்லப்படுகிறது: ஆங்கிலேயர் மரத்தைக் கொண்டுவந்தார்கள், பாடுபட்டு வளர்த்தார்கள், ஜாவாவின் டச்சுக்காரர்களிடம் சந்தையை இழந்தார்கள், அந்த இடத்தில் தேயிலை வந்தது. சந்தைக் கணக்கில் இது சரிதான். மருந்துக் கணக்கில் சரியில்லை. நீலகிரிப் பட்டை எழுப்பிய கேள்விக்கு 1860களிலேயே சரியான விடை கிடைத்தது. அந்த விடையைக் கைவிட்டதுதான் உண்மையான தோல்வி. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் காய்ச்சலில் கிடந்த ஏழைகள்.

சின்கோனா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காட்டு மரம். 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் வழியாக அதன் பட்டை ஐரோப்பாவுக்குப் போனது. நாள்விட்டு நாள் குளிரும் நடுக்கமுமாக வந்து ஆளை உருக்கும் முறைக்காய்ச்சலுக்கு அந்தப் பட்டைத்தூளைப் போல வேறெதுவும் அங்கே கேட்கவில்லை. பாரிஸில் பெல்லத்தியே, காவந்து என்ற இரு மருந்தியலாளர்கள் 1820இல் பட்டையிலிருந்து குயினினைத் தனியாகப் பிரித்தார்கள். ஒரு தாவரத்தின் குணத்தை அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளோடு இணைத்து, அதை நிறுத்து அளந்து கொடுக்கும் காலம் இத்தகைய பிரிப்புகளால் பிறந்தது. நோயின் காரணமோ இன்னும் இருட்டில்தான் இருந்தது. மலேரியாக் கிருமியை லவரான் கண்டது 1880இல். கொசுதான் அதைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் நிறுவியது 1897 ஆகஸ்டில். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் உதகைக்கு வந்திருந்தார். மலையின் வடசரிவான சீகூர்ப் பக்கம் ஆய்வுக்கு இறங்கியபோது அவருக்கே காய்ச்சல் கண்டது. நோயின் வழி தெரியாமலே மருந்தின் வழி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தெரிந்திருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், அந்தப் பட்டைக்காக அரசுகள் அவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்று விளங்கும்.

இந்தியாவில் ஆங்கில அரசு படைக்காகவும் மருத்துவமனைகளுக்காகவும் ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துப் பட்டையும் குயினினும் வாங்கிக்கொண்டிருந்தது. ஆண்டிஸ் காடுகளில் மரத்தை வெட்டிச் சாய்த்துப் பட்டை உரித்ததால் வரத்து குறையும் என்ற பயம் ஒரு பக்கம், விலை இன்னொரு பக்கம். 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் விதையும் நாற்றும் திரட்ட ஒரு பயணம் நடந்தது. மார்க்கம் பெருவில் தாமே சேகரித்த நாற்றுகள் வழியிலும் வந்த பின்னும் கருகின. ஈக்வடாரில் சிம்போராசோ மலையடிவாரத்தில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளரும் ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரரும் திரட்டிய செம்பட்டை வகை பிழைத்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் விதைகள், அறுநூற்றுக்கு மேற்பட்ட நாற்றுகள். கிராஸ் 1861இல் நாற்றுகளோடு உதகை வந்து சேர்ந்தார். நீலகிரியில் சின்கோனா பயிர் அதிலிருந்துதான் பெருகியது.

அதை வளர்த்தவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர். உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்க 1848இல் வந்தவர். 1876இல் சாகும்வரை இந்த மலையில்தான் வேலை செய்தார். தொட்டபெட்டாவின் குளிரைத் தாங்கும் வகை அங்கேயும், செம்பட்டை அதைவிடத் தாழ்ந்த, மழை மிகுந்த நடுவட்டத்திலும் நடப்பட்டன. மெக்கைவரின் பெயரை நிலைநாட்டிய முறை ஒன்றுண்டு. மரத்தைச் சாய்க்காமல், அடிமரத்தில் நெடுக நெடுகப் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, இடையில் உள்ளதை அப்படியே விட்டு, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்திக் கட்டினார். அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. வெயில் படாமல் வளர்ந்த அந்தப் பட்டையில் மருந்துச் சத்து முன்னைவிடக் கூடுதலாக இருப்பதும் சோதனையில் தெரிந்தது. மரம் உயிரோடு நின்றது, அறுவடை திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஆண்டிஸில் காட்டையே வெட்டிக் கரைத்த தொழிலுக்கு நீலகிரி சொன்ன மறுமொழி இது.

பெயர் தெரிந்தவர்களோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. சோலைகள் வெட்டப்பட்டன, தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி மலையில் அரசுத் தோட்டங்களின் எல்லைக்கற்கள் நடப்பட்டன. குழி வெட்டவும் களை எடுக்கவும் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். மலாக்கா நீரிணைப் பகுதி ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்களை அடைத்துவைத்த நடுவட்டம் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, பால் விற்று அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள்; எட்கர் தர்ஸ்டன் தம் இனவரைவியல் நூலில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கொய்னாவின் விலையில் இந்த உழைப்பும் அடங்கியது. யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை.

மரம் வளர்ந்தது, பட்டை வந்தது. அப்போதுதான் சிக்கல் எழுந்தது. செம்பட்டையில் குயினின் முதலான ஆல்கலாய்டுகளின் மொத்தச் சத்து மிகுதி. ஆனால் அதில் குயினினின் பங்கு குறைவு. சின்கோனிடின், சின்கோனின் போன்றவையே கூடுதல். உலகச் சந்தையோ குயினினைத்தான் மருந்து என்று ஏற்றது, மற்றவற்றைக் கழிவென்று தள்ளியது. அப்படியானால் நீலகிரிப் பட்டையின் பெரும்பகுதி வீணா? நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யாமல் நோயாளிகளிடமே இந்தக் கேள்வி கொண்டுபோகப்பட்டது. 1866 முதல் 1868 வரை சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களில் குழுக்கள் அமைத்து, குயினின், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகிய நான்கின் உப்புகளையும் தனித்தனியே ஆயிரக்கணக்கான காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் முறை நின்றதா என்பதே அளவுகோல். நான்கும் வேலை செய்தன. குணமானவர்கள் விகிதம் 98 சதவீதத்துக்கு மேல். சின்கோனின் சற்றுப் பின்தங்கியதே தவிர, மற்ற மூன்றும் ஏறத்தாழச் சமம். மருந்துகளை ஒப்பிட்டு நடத்திய ஆரம்பகாலப் பெரும் சோதனைகளில் ஒன்றாக மருத்துவ வரலாறு இதைக் குறிப்பிடுகிறது. நீலகிரிப் பட்டையில் குயினின் குறைவென்றாலும் மருந்து குறைவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த முடிவுக்குப் பின் நடந்திருக்க வேண்டியது எளிது. மலையில் விளையும் பட்டையின் எல்லாச் சத்தையும் சேர்த்து வடித்து, மலிவான கலவை மருந்தாக்கி, மாகாணம் முழுவதும் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்திருக்கலாம். முயற்சி இல்லாமல் இல்லை. அரசின் சின்கோனா வேதியியலாளராக 1866இல் உதகைக்கு வந்த ஜான் பிராட்டன் அப்படியொரு கலவையை இங்கேயே தயாரித்தார். செலவு கட்டுப்படியாகவில்லை என்று அது நிறுத்தப்பட்டது. 1874இல் அவரும் போனார். நீலகிரிப் பட்டை லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறியது. வங்காளத்தில் மட்டும் அந்த எண்ணம் தொடர்ந்தது. டார்ஜிலிங் மலையின் மங்பூவில் 1874 முதல் செம்பட்டையின் எல்லா ஆல்கலாய்டுகளும் சேர்ந்த சின்கோனாக் காய்ச்சல் மருந்து அரசுச் செலவில் தயாரானது. அதன் விலை குயினினைவிட வெகு குறைவு. 1890களில் அங்கே தபால் நிலையங்களில் காலணாப் பொட்டலமாகக் கொய்னா விற்கவும் ஏற்பாடாயிற்று. காலந்தாழ்ந்து நடுவட்டத்திலும் அரசுத் தொழிற்சாலை வந்தது. ஆனால் அதற்குள் உலகச் சந்தை வேறு பாதையில் வெகுதூரம் போயிருந்தது.

அந்தப் பாதை ஜாவாவுக்குச் சென்றது. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகருக்காக பொலிவியக் காட்டில் விதை திரட்டியவர் மானுவேல் இன்கிரா மாமானி என்ற பழங்குடி மனிதர். நல்ல மரத்தைக் கண்ணால் பார்த்தே இனம் காணத் தெரிந்தவர் அவர். அந்த விதையில் ஒரு பவுண்டு 1865இல் டச்சு அரசுக்கு விற்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த சில மரங்களின் பட்டையில் குயினின் மட்டும் 10 சதவீதத்தையும் தாண்டியது. டச்சுக்காரர்கள் அவற்றைத் தேர்ந்தெடுத்து, செம்பட்டை வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். இதற்கிடையே இலங்கையில் காப்பி நோயால் அழிந்த தோட்டங்களில் துரைமார்கள் அவசர அவசரமாகச் சின்கோனாவை நட்டு, 1880களில் சந்தையைப் பட்டையால் நிரப்பினார்கள். விலை விழுந்தது. குயினின் அளவை மட்டும் பார்த்துப் பட்டைக்கு விலை பேசிய சந்தையில் செம்பட்டை தோற்பது தவிர வழியில்லை. இலங்கைத் தோட்டங்களும் நீலகிரித் தோட்டங்களும் தேயிலைக்கு மாறின. ஜாவா தனியாக நின்றது. 1913க்குப் பின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கினா பீரோ என்ற கூட்டமைப்பு உலக விலையை நிர்ணயித்தது. 1930களில் உலகப் பட்டையில் பத்தில் ஒன்பது பங்கு அந்தத் தீவில் விளைந்தது. தூய குயினின் ஒன்றே மருந்து என்ற அளவுகோல் ஒரே இடத்தின் ஏகபோகத்தைக் கட்டிக் கொடுத்தது. மருந்து தேவைப்பட்ட தேசங்களோ பெரும்பாலும் அதை விலை கொடுத்து வாங்க முடியாதவை.

1860களில் கிடைத்த விடைக்கு உலகம் அப்போதுதான் திரும்பி வந்தது. சர்வதேச சங்கத்தின் மலேரியா ஆணையம் 1930களின் தொடக்கத்தில், ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவு மருந்தாக டோட்டாகுயினா என்ற கலவையைப் பரிந்துரைத்தது. பட்டையின் படிகமாகும் ஆல்கலாய்டுகள் எல்லாம் சேர்ந்து குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்று தர அளவு விதிக்கப்பட்டு, பிரிட்டிஷ் மருந்துக் குறிப்பேட்டிலும் அது இடம்பெற்றது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்து நேச நாடுகளின் குயினின் வரத்து ஒரேயடியாக அறுந்தபோது, அமெரிக்கா ஆண்டிஸ் காட்டுப் பட்டையைத் தேடிப் போய் இதே கலவையைத் தன் மக்களுக்கும் கொடுத்தது. இந்திய மக்களின் முறைக்காய்ச்சல் எழுபதாண்டுக்கு மேலாக ஏற்க வைக்காத ஒரு மருத்துவ உண்மையை, ஒரு தீவின் வீழ்ச்சி ஏற்க வைத்தது.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு வேதியியலிலிருந்து வரும். தனிப்பொருளாகப் பிரித்தால்தான் அளவு துல்லியமாகும், நச்சு தவிர்க்கப்படும், ஒரு ஊர் மருந்தும் மறு ஊர் மருந்தும் ஒன்றாக இருக்கும். கலவைக்குத் திரும்பச் சொல்வது விஞ்ஞானத்தைப் பின்னோக்கித் திருப்புவது அல்லவா? மறுப்பின் முதல் பாதி முழு உண்மை. பட்டைத்தூள் காலத்தில் மரத்துக்கு மரம் சத்து மாறியது. கலப்படம் தாராளமாக நடந்தது. பெல்லத்தியேயும் காவந்துவும் செய்த வேலை மருத்துவத்துக்கு வாய்த்த பெரும் பேறு. ஆனால் 1866–68 சோதனையும் அதே வேதியியலின் பிள்ளைதான். நான்கையும் தனித்தனியே பிரித்து, நிறுத்து, கொடுத்துப் பார்த்த பிறகே நான்கும் பயன்படும் என்ற முடிவு வந்தது. கலவைக்கும் தர அளவு விதிக்க முடியும் என்பதற்கு டோட்டாகுயினாவே சான்று. மேலும், குயினினுக்கு எளிதில் அடங்காத மலேரியாக் கிருமிகளை மூன்று சின்கோனா ஆல்கலாய்டுகளின் சேர்க்கை நன்றாக அடக்குவதை 1980களில் ஆய்வகச் சோதனைகள் காட்டின. குயினிடின் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாக வெகுகாலம் பயன்பட்டது. ஒரு செடியில் ஒரே ஒரு பொருளைக் கண்டதும் மற்றதெல்லாம் சக்கை என்று முடிவு கட்டியது வணிகம். வேதியியல் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. இது பேரரசின் திட்டம். தன் படைவீரரைக் காக்கவே அரசு மரம் வளர்த்தது. அதில் ஏழைகளின் நலனைத் தேடுவது பொருந்தாது என்பார்கள். பேரரசின் நோக்கத்தை வெள்ளையடிக்கத் தேவையில்லை. விதை வந்த விதமே போதும். ஈக்வடாரும் பெருவும் பொலிவியாவும் தங்கள் மரத்தின் பலனை இழந்தன. அந்த மலை மக்களுக்கு ஒரு காசும் திரும்பிப் போகவில்லை. விதை கொடுத்த குற்றத்துக்காக மாமானி சிறையில் அடிபட்டு உயிர்விட்டார். ஆனால் நோக்கம் எதுவாயினும், சென்னை மாகாணத்தின் மண்ணும் மக்களின் வரிப்பணமும் கைதிகளின் உழைப்பும் போட்டு வளர்த்த மரத்தின் மீது இந்த மண்ணின் நோயாளிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நிறைவேற்ற வழி தெரிந்திருந்தும் பட்டையை ஏலத்துக்கு அனுப்பினார்கள் என்பதே வழக்கு. சுதந்திரம் வந்த நேரத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது, எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. மருந்து இந்த மலையில் விளையத் தொடங்கி எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பிறகான கணக்கு இது.

மூன்றாவதாக, அந்த எண்ணிக்கையை இறக்கியது டிடிடியும் குளோரோகுயினும்தானே, பட்டை இல்லையே என்று கேட்கலாம். ஆம். 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் அதன் தொடர்ச்சியும் 1965க்குள் நோயாளிகளை ஒரு லட்சம் அளவுக்குக் குறைத்தன. எப்படிக் குறைந்தது என்று பாருங்கள்: ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள், மருந்து இலவசமாக வந்தது, அரசு பொறுப்பேற்றது. கொய்னா காலத்தில் இல்லாமல் போனது இதுதான். செயற்கை மருந்தும் முடிவான விடையாக இருக்கவில்லை. 1970களில் குளோரோகுயினுக்குக் கிருமி பழகத் தொடங்கியது. 1976இல் நோயாளிகள் 64 லட்சமாகப் பெருகினார்கள். அடுத்த பெரிய மருந்தான ஆர்டிமிசினின் மீண்டும் ஒரு செடியிலிருந்துதான் வந்தது. சீனத்தின் பழைய மருத்துவ நூல்களைத் துருவி அதைக் கண்ட டூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதையும் தனியாகக் கொடுக்காமல் வேறு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துகிறது.

நடுவட்டத்தின் சின்கோனா நிலங்கள் காலப்போக்கில் தேயிலைக்கு மாறி, டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் கீழ் வந்தன. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆனால் கேள்வி பழையதாகிவிடவில்லை. புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான கேம்ப்டோதெசின், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டிஸ் மரத்தில் இருப்பதை 1972இல் தமிழரான வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் காட்டினார்கள். அதன் பின் அந்த மரம் காடு காடாக வெட்டப்பட்டு அருகிப்போனது. மரத்தைக் கொல்லாமல் பட்டை எடுக்க நூறாண்டு முன்பே ஒருவர் இதே மலையில் வழி கண்டிருந்தார். அந்தப் பாடம் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. நல்ல முன்மாதிரியும் இல்லாமலில்லை. அகத்தியமலைக் காணிக்காரர்கள் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து பாலோடு தாவரவியல் நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோவை நிறுவனம் ஒன்றுக்கு அதன் தயாரிப்பு உரிமம் தரப்பட்டபோது, கட்டணத்திலும் உரிமைத்தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்காக 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. ஏற்பாட்டில் குறைகள் உண்டு, சச்சரவுகளும் நடந்தன. ஆனாலும் மாமானிக்குக் கிடைக்காத நியாயத்தின் முதல் வடிவம் அது. 2002இன் பல்லுயிர்ச் சட்டம் அதையே பொது விதியாக்க முயல்கிறது.

ஆகவே ஒரு செடியிலிருந்து மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று: அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு போனதா, செடி மீண்டும் தழைக்கும் விதமாக எடுக்கப்பட்டதா, நோயாளியின் கைக்கு அவரால் தாங்கக்கூடிய விலையில் வந்ததா. 1820இல் பாரிஸில் கண்டுபிடிப்பு என்ற முதல் படிதான் முடிந்தது. நீலகிரி இரண்டாவது கேள்விக்கு மெக்கைவரின் பாசிக்கட்டு மூலமும், மூன்றாவதற்கு 1866–68 சோதனைகளைத் தூண்டியதன் மூலமும் விடை தேடியது. முதல் கேள்வியை அந்தக் காலம் கேட்கவே இல்லை. மூன்றாவதன் விடையை அரசு மதிக்கவில்லை. நீலகிரியின் சின்கோனாவைத் தோற்ற பயிர் என்று பாடநூலில் எழுதுவதை நிறுத்தி, மருந்தாகவே வென்று வணிகத்தில் கைவிடப்பட்ட பயிர் என்று எழுத வேண்டும். நாளை இந்த மலைகளில் எந்த மூலிகையில் எந்தச் சத்து கிடைத்தாலும், ஏலத்துக்குப் போகும் முன் ஊர் மருத்துவமனைக்கு அதை அனுப்பும் அரசியல் துணிவு வர இந்தத் திருத்தம் தேவை.